உச்சிவேளைச் சீழ்க்கை

என் அண்ணி எலெயுதேரியாவைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். இபெரா சதுப்பின் எங்கள் கரையில் தோணிக்குக் கழி போடுகிற பெண் அவள் ஒருத்திதான். கூடாரமடித்து இரண்டு நாள் தங்குகிறவர்களுக்குச் சேற்றுமான், முதலை, குட்டிகளை வரிசையாக ஓட்டிப்போகும் கார்பின்சோ என்ற ஆட்டளவு நீரெலி எல்லாம் காட்டுவாள். சமையல் என் பொறுப்பு. மரவள்ளிக்கிழங்கும் உப்புக்கண்டமும்தான் பெரும்பாலும்.

"அந்த முதலை கடிக்குமா?" என்று யாராவது கேட்டால், "அது நேத்தே சாப்ட்டாச்சு. நீங்க தண்ணில கைய விட்டா மறுபடி பசிக்கும்" என்பாள். சிரிக்கமாட்டாள்.

ஒன்றை மட்டும் காட்டமாட்டாள். கல்யாணமுருங்கை மரம் சாய்ந்து நிற்கும் திட்டு. எங்கள் சதுப்பில் பாதித் திட்டுகள் நிலமே அல்ல. வேரும் மக்கிய புல்லும் பின்னி மிதப்பவை. காற்றடித்தால் இடம் மாறும். இந்தத் திட்டும் அப்படித்தான். சில மாதம் எங்கள் துறைக்கு எதிரே, நாணலுக்கு அப்பால் வந்து நிற்கும். அந்நாட்களில் அதற்கு முதுகைக் காட்டித்தான் அண்ணி கழி போடுவாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி. என் அண்ணன் இசபெலினோ கூரைக்குப் புல் அறுக்க, அப்போது எதிரே நின்ற அந்தத் திட்டுக்குப் போயிருந்தான். மதியம் நானும் அண்ணியும் கதவைச் சாத்திப் படுத்திருந்தோம். உச்சிவேளையில் எங்கள் ஊரில் யாரும் தலைகாட்ட மாட்டார்கள். மதியத்துக்காரன் என்கிற பேய் நடமாடும் நேரம். சீழ்க்கையடித்துக் கூப்பிடுவான், பதில் கொடுத்துப் போனவர் திரும்பமாட்டார். அதனால் எங்களில் யாரும் அந்த நேரத்தில் சீழ்க்கையடிப்பதுமில்லை.

நாணலுக்குள்ளிருந்து நீளமாக ஒரு சீழ்க்கை கேட்டது. அண்ணி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஹெர்மெலிந்தா, உங்கண்ணன் மாதிரி இருக்குடி."

"இந்நேரத்துல விசிலடிக்கக் கூடாதுன்னு அண்ணனுக்குத் தெரியாதா? படு அண்ணி. காதப் பொத்திக்க."

பொத்திக்கொண்டோம். நான் தலையணையையும் வைத்து அழுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் வெறும் தோணி கரையொதுங்கியது. போய்ப் பார்த்தபோது திட்டின் நடுவே ஆள் நுழையுமளவு ஓர் ஓட்டை, உள்ளே கறுப்புத் தண்ணீர். ஆள் கிடைக்கவில்லை.

கூப்பிட்டது அண்ணன்தானா, போயிருந்தால் பிழைத்திருப்பானா. அண்ணிக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "நாணலச் சுத்திப் போகவே அரைமணி ஆகும் அண்ணி. அவனாவே இருந்தாலும் எட்டிருக்க முடியாது" என்று நான் ஒன்பது வருஷமாகச் சொல்லிவந்தேன். அவளுக்காகச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன். அவள் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு, வெயிலில் துறையிலேயே உட்கார்ந்திருப்பாள்.

இந்த மார்ச்சில், திட்டு மறுபடி எதிரே வந்து நின்றபோது, ரொசாரியோ நகரத்திலிருந்து மாபெல் என்றொரு ஆசிரியை வந்தாள். "மத்தியானம் படுத்துத் தூங்குங்கம்மா" என்றேன்.

"தூங்கவா எண்ணூறு கிலோமீட்டர் வந்தேன்?"

நான் கண்ணயர்ந்ததும் மானைப் படமெடுக்கத் தனியாக ஒரு தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அண்ணி அப்போது கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

சீழ்க்கை கேட்டது. அதே நாணல் பக்கம். வெளியே ஓடினேன், அண்ணி கழியைக் கையிலெடுத்துவிட்டாள். அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

"போகாத அண்ணி, அது மதியத்துக்காரன்தான்!"

"அன்னிக்கும் இதத்தான் சொன்ன. விடுடி."

சுற்றுவழியில் போகவில்லை. நாணலுக்குள் நேராக மற்றத் தோணியைச் செருகினாள். தண்டுகள் முறிகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. நான் துறையில் நின்று, தெரிந்த ஜெபத்தையெல்லாம் முன்னுக்குப் பின் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருவரும் வந்தார்கள். மாபெலுக்கு மார்புவரை சேறு. அந்தத் திட்டில் மரம் நிற்கிறதே, தரையாகத்தான் இருக்கும் என்று இறங்கியிருக்கிறாள்; இடுப்புக்கு மேல்வரை புதைந்துவிட்டாள்.

"கத்திப் பாத்தேன், புல்லு சத்தத்த முழுங்கிடுச்சு. விசில்தான் போகும்னு தோணுச்சு" என்றாள் நடுங்கிக்கொண்டே. அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பளியைப் போர்த்திக் கூடாரத்தில் அவளைப் படுக்கவைத்துவிட்டு வந்தேன். கழியைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அண்ணி சொன்னாள்:

"கழியால நாப்பத்தோரு குத்து. எண்ணினேன். அவ்வளவுதான்டி தூரம்."

நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். இரண்டு தீக்குச்சி வீணாகப் போனது.

அதற்குப் பின் எனக்கும் மதியத்தில் தூக்கம் வருவதில்லை. அண்ணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்கிறேன். குளிர்ந்த மூலிகைத் தண்ணீரான தெரெரேக் குவளையை என் பக்கம் நீட்டுவாள். திட்டு இன்னும் எதிரேதான் நிற்கிறது. காற்று மாறவில்லை.