ஆட்டு ரத்தத்துக்கு வந்த பதில்

காலை 9.10. விருத்தாசலம் பஸ் நிலையத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சிக்கு டவுன் பஸ், டிக்கெட் நாலு ரூபாய். சிக்குன்குனியா ஊர் ஊராக முடக்கிப் போட்டிருந்த வருஷம் அது. பஸ்ஸில் பாதிப்பேருக்குக் கம்பியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. "எல்லாருமே கெழவனாயிட்டோம், யாரு எழுந்து யாருக்கு சீட்டு கொடுக்கறது?" என்றார் கண்டக்டர். வலியோடு சிரித்தோம்.

பத்து மணிக்குக் கொளஞ்சி வீடு. பீங்கான் சூளையில் வேலை பார்க்கும் நண்பர். அவர் மனைவி அஞ்சலைக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று கேட்டுத்தான் போனேன். பாயில் கிடந்தவர் எழப் பார்த்தார். "வாங்கண்ணே. டீ போட ஆளில்ல, கோச்சுக்காதீங்க." பேசும்போது ஈறில் ரத்தம் கசிந்தது.

பின்பக்கம் ஆறு வெள்ளாடுகள் சுருண்டு கிடந்தன. இரண்டு செத்துவிட்டனவாம். அஞ்சலைதான் தினமும் அவற்றுக்கு உண்ணி பிடுங்குவார். சூளையில் கழித்த பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் கட்டைவிரல் நகத்தால் நசுக்குவார். "வெள்ளைப் பீங்கான்ல ஒண்ணுகூடத் தப்பாதுண்ணே" என்றார், அந்தக் காய்ச்சலிலும் பெருமையாக.

11.30. ஆடுகளுக்கு ரத்தம் எடுக்கக் கால்நடை மருத்துவர் வந்தார். கிண்ணத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"வெறுங்கையாலயா நசுக்கறீங்க? சில உண்ணியில இருக்கிற வைரஸ் மனுஷனுக்கும் தொத்தும்மா. டாக்டர்கிட்ட இதைச் சொல்லி ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்க."

"நீங்களே எடுத்துடுங்க சார். ஊசிதான் கையில இருக்குதே" என்றார் கொளஞ்சி.

"எனக்கு ஆட்டோட அதிகாரம் முடிஞ்சிடுதுய்யா."

ஒரு மணிக்கு அஞ்சலையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விருத்தாசலம் வந்தோம். தனியார் கிளினிக், டோக்கன் 63. டாக்டர் நிமிராமலே மாத்திரை எழுதினார்.

"சார், ஆட்டு உண்ணியிலேருந்து..." என்று ஆரம்பித்தார் கொளஞ்சி.

"அத ஆட்டு டாக்டர்கிட்ட சொல்லு. ஊருக்கே சிக்குன்குனியா. உன் பொண்டாட்டிக்கு மட்டும் தனியா ஒண்ணு வருமா?"

காத்திருந்த கூட்டம் சிரித்தது. வழிநெடுக வாய் ஓயாத நான் அந்த இடத்தில் ஒரு சொல் பேசவில்லை. படித்த மனிதரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது என்று நின்றேன்.

4.20க்கு என் ஊர் திண்டிவனத்துக்குத் திரும்ப பஸ் ஏறினேன். "அடுத்த வாட்டி டீ உண்டுண்ணே" என்றார் அஞ்சலை.

அடுத்த முறை போனது அவருடைய கருமாதிக்கு. அதே பஸ், அதே நாலு ரூபாய். கொளஞ்சியே டீ போட்டுக் கொடுத்து, ஒரு கடிதத்தையும் நீட்டினார்.

"ஆட்டு ரத்தத்துக்கு முடிவு வந்திருக்குது. உண்ணி வைரஸாம். ஆட்டைத் தொட்டவங்க யாருக்காவது காய்ச்சல் இருந்தா உடனே எழுதணுமாம். நீதான் நல்லாப் பேசுவியே, என்னன்னு எழுதறது, சொல்லு."

என் சட்டைப்பையில் பேனா இருந்தது. கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.