சாமைச் சோறு வேகும் நேரம்

இன்று அமிர்தியிலிருந்து வேலூர் வரும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பரீட்ச வச்ச நர்சம்மாதானே நீங்க?"

ஆமாம். எண்பதுகளில் ஜவ்வாது மலையில் பிரசவம் பார்க்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடைசியில் வாய்மொழித் தேர்வு வைத்தேன். கேள்வியும் விடைக்குறிப்பும் நானே எழுதியவை.

தொப்புள்கொடி அறுக்கும் பிளேடை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும்? விடை: இருபது நிமிடம்.

இந்த அம்மாள் அன்று சொன்னது, "சாமச்சோறு வேவுற வரைக்கும்."

முட்டை போட்டேன். ஃபெயில்.

"எங்கூர்ல யாரு வூட்லயும் கடியாரம் இல்லீங்க" என்றார் இன்று.

பாஸானவர்களுக்குத்தான் பிளேடும் நூலும் வைத்த பெட்டி. அடுத்த மாதமே இவர் தங்கைக்குப் பிரசவம்.

"அருவாளயாச்சும் கொதிக்க வைங்கன்னு சொன்னேன். 'உன் பதிலு தப்புன்னு நர்சம்மாவே சொல்லிட்டாங்களே'ன்னு அவ மாமியா அப்டியே அறுத்துட்டா. ஏழாம் நாளு கொழந்த வாயத் தொறக்கல. பாலு எறங்கல. போய்டுச்சு."

டெட்டனஸ். அவர் குரலில் கோபமே இல்லை.

"நான் சொன்னதுல இன்னா தப்புங்கம்மா?"

என் ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாமையை உலையில் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

பத்தொன்பது நிமிடம்.

ஒரு நிமிடத்துக்கு எத்தனை மார்க் குறைக்கலாம்? இதைப் படிக்கும் வாத்தியார்கள் யாராவது சொல்லுங்கள்.