விரல் போனவர் வீடு, சொல்லக்கூடாது

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ வந்தவன் நான். இன்றைக்கு என் சமையல்கூடத்திலிருந்து தினமும் ஆயிரத்துக்கு மேல் பொட்டலம் தொழிலாளர் விடுதிகளுக்குப் போகிறது. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். யார் தயவிலும் வந்ததில்லை. படிப்பு நாலாம் வகுப்பு. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், நிதானமாக எழுதவும் செய்வேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் புள்ளிக் கோலம் மாதிரிதான், பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்தக் குறைக்கு நானே ஒரு வழி வைத்திருந்தேன். இங்கிலீஷில் எந்தத் தாள் வந்தாலும் இரண்டு பேரிடம் தனித்தனியாகப் படிக்கச் சொல்வேன். ஒருவர் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் என் மகள். இன்னொருவர் எங்கள் ஆபீசில் உட்காரும் அம்மா. ஒருவர் என்ன சொன்னார் என்று மற்றவருக்குத் தெரியவிடமாட்டேன். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் பேனாவை எடுப்பேன். சமையல்கூடத்து வாடகை ஒப்பந்தத்தில் வக்கீலே கவனிக்காத ஒரு வரியை இப்படித்தான் பிடித்தேன். "சார், நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று அவர் கேட்டார். அதை இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எனக்கு ஆள்களின் பெயர் நிற்காது. இத்தனை பேருக்குச் சோறு போடுகிறவனுக்குப் பெயர் எதற்கு, அவன் நாக்கும் வயிறும் தெரிந்தால் போதாதா என்பேன். கைத்தொலைபேசியில் பெயர் போடும் இடத்தில் ஆளைப் பற்றிய சேதியைத்தான் வைப்பேன். வாய்கிட்டே வைத்துச் சொன்னால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும். 'சர்க்கரை, சோறு பாதி, மூணாவது மாடி.' 'முட்டை சேராது, உடம்பு தடிக்கும்.' 'குடியை விட்டவர், ரசம் நிறைய.' யாருக்கு மூலம், யாருக்கு ரத்தக்கொதிப்பு, யார் மாத்திரை சாப்பிடுவதை சூப்பர்வைசரிடம் மறைக்கிறார், எல்லாம் அதில் இருந்தது. கொரோனாவில் விடுதிகள் பூட்டிக் கிடந்த காலத்தில் ஊருக்குச் சேதி சொல்ல வழியில்லாமல் சிலர் பட்ட பாட்டைப் பார்த்தேன். அதிலிருந்து ஒவ்வொருவரிடமும் வீட்டு எண்ணையும் வாங்கி வைக்க ஆரம்பித்தேன். என் எண்ணையும் வீட்டில் கொடுத்துவைக்கச் சொல்வேன்.

உட்லண்ட்ஸ் விடுதியில் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கடலூர்ப் பக்கம். ஒரு நாள் அவரிடமிருந்து போன்.

"ஐயா, இனிமே எனக்கு மட்டும் சோத்தையும் குழம்பையும் கலந்தே குடுக்க முடியுங்களா?"

"ஏன்யா, அப்படியே ஊட்டி விடவும் ஆள் அனுப்பவா?" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரவில்லை. அன்றைக்குப் பொட்டல வேனில் நானே போனேன். இரும்பு வெட்டும் இயந்திரத்தில் அவர் வலது கையின் நடு விரல்கள் மூன்றும் போயிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள். இடது கையால் சோற்றைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. கரண்டியால் குழம்பைப் பிசையப் பார்த்தால் பாதி சட்டையில் சிந்தியது.

"வீட்ல நாலு மாசங்க," என்றார். "ஒன்பது வருஷம் கழிச்சு. முன்னாடி ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு. மனசு அதிராம பாத்துக்கன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. பொறக்குற வரைக்கும் இது தெரிய வேணாம் ஐயா. பொறந்ததும் நானே சொல்லிக்கிறேன்."

நான் வாக்குக் கொடுத்தேன். என் வாக்கு எப்படிப்பட்டது என்று தேக்காவில் விசாரித்துப் பார்க்கச் சொன்னேன். அதன்படியே யாரிடமும் வாய் திறக்கவில்லை, என் மகளிடம்கூட. ஆனால் எனக்கு வயதாகிறது. அவர் மனைவி எப்போதாவது போன் செய்து, நான் நினைவில்லாமல் உளறிவிட்டால் என்ன செய்வது? அதற்காக அவர் வீட்டு எண்ணை எடுத்து, பெயர் போடும் இடத்தில் சொல்லிவைத்தேன்: 'விரல் போனவர் வீடு, சொல்லக்கூடாது.' கெட்டிக்காரத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவருக்கென்று தனியாக ஒரு சின்னப் பாத்திரம் ஒதுக்கினோம். சாம்பார் சாதம், புளிச்சாதம், கறி நாளில் எலும்பை எடுத்துவிட்டுப் பிசைந்த சாதம். நான்கு மாதம் இப்படிப் போனது. அவருக்கு லைட் டூட்டி கொடுத்திருந்தார்கள். பட்டறை வாசலில் உட்கார்ந்து வரும் லாரிகளின் எண்ணை இடது கையால் குறித்துக்கொண்டிருப்பார்.

இனி ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கேரம் பலகையில் என்னை ஜெயித்தவர்கள் குறைவு. கைத்தொலைபேசியில் கேரம் வந்தபோது அதையும் விடவில்லை. கடை வாசலில் நான் நிற்கும் படத்தைப் போட்டு, 'தேக்கா ராஜா' என்று பெயர் வைத்துக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு முன் அந்த ஆட்டம் என்னிடம் ஒன்று கேட்டது: உன் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிடு, ஐந்நூறு தங்கக் காசு தருகிறேன். திறந்துவிட்டேன். அந்தக் கம்பெனி பட்டியலையும், அப்புறம் நான் அதில் சேர்த்ததையெல்லாமும் வாங்கி வைத்துக்கொண்டதே தவிர ஒன்றும் செய்யவில்லை. நானும் மறந்துபோனேன்.

ஒரு மத்தியானம், சிவப்புக் காயைப் போட்டாகிவிட்டது, கூட ஒரு வெள்ளைக் காய் விழுந்தால் ஆட்டம் என்னுடையது. திடீரென்று பலகை மறைந்து இங்கிலீஷில் நீளமாக ஏதோ வந்தது. மேலே நான் பார்த்திராத ஒரு புது முத்திரை. கீழே இரண்டு பட்டன், பச்சை ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று. எதிராளி காத்திருக்கிறான், நேரம் ஓடுகிறது. பச்சையை அமுக்கினேன். பலகை வந்தது, காயைப் போட்டேன், ஜெயித்தேன். இரண்டு பேரிடம் படிக்கச் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. அது தாளாக என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை தேக்கா சந்தைக்குப் போனேன். எனக்கு இருபது வருடமாகக் காய்கறி போடுகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னண்ணே, நான் அழுகல் தக்காளியா?"

"காலங்காத்தால என்னடா உளர்றே?"

"நான் உளறலண்ணே. உங்க போன் உளறுது லா." அவன் தொலைபேசியை நீட்டினான். 'வணக்கம், அழுகல் தக்காளி. உங்கள் நண்பர் தேக்கா ராஜா உங்களைக் கேரம் ஆட அழைக்கிறார்.' பக்கத்தில் என் படம். "ராஜாவாம் ராஜா. அடுத்த வாரம் நல்ல தக்காளி வேணும்னா வந்து கும்பிட்டுக் கேளுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. இவனுக்கு இது போயிருந்தால் பட்டியலில் இருக்கும் எல்லாருக்கும் போயிருக்கும், நான் வைத்த அடையாளத்தோடு. என்னென்ன வைத்திருக்கிறேன் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தேன். பாதி பார்ப்பதற்குள் தொலைபேசி அடித்தது. திரையில் 'விரல் போனவர் வீடு, சொல்லக்கூடாது' என்று வந்தது.

"சாப்பாட்டு ஐயாங்களா?"

"ஆமாம்மா."

"எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்குங்க. உங்க போட்டோ போட்டிருக்கு. 'வணக்கம், விரல் போனவர் வீடு, சொல்லக்கூடாது'ன்னு இருக்கு. வேற யாருக்கோ அனுப்ப வேண்டியது தப்பா வந்துடுச்சுங்களா?"

நான் சொல்லவேண்டிய பொய்யை அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். 'ஆமாம்மா, தப்பா வந்துடுச்சு' என்றால் முடிந்தது. எத்தனையோ அதிகாரிகளைப் பேசியே வழிக்குக் கொண்டுவந்தவன் நான். அன்றைக்கு அந்த ஒரு பொய்யைச் சொல்லவில்லை.

"அவரு நாலு மாசமா வீடியோல ஒரு பக்கமாவே உக்காருறாரு," என்றார். "கேட்டா, ஸ்டாண்டு சரியில்லங்கிறாரு. எத்தனை விரலுங்க ஐயா?"

"மூணும்மா."

"எந்தக் கை?"

"வலது."

"சரிங்க ஐயா," என்று வைத்துவிட்டார்.

வேனை நேராக உட்லண்ட்ஸுக்கு விடச் சொன்னேன். அவர் பட்டறை வாசலில் எண் குறித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"போன்ல போயிருச்சுய்யா. நான் எழுதி வச்சது. எத்தனைன்னு கேட்டாங்க, அதை நான் சொன்னேன்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தன் தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு வீடியோவில் அழைத்தார். இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையைக் காட்டப் பார்த்தார். இடது கை ஆடியதில் படம் நிற்கவில்லை. "கொஞ்சம் பிடிங்க ஐயா," என்றார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார்.

அந்தப் பெண்ணின் முகம் தெரியாத பக்கம் நான் நின்றேன், குரல் மட்டும்தான் கேட்டது.

"வலிக்குதா?"

"இல்ல."

"சோறு எப்படி சாப்பிடுறீங்க?"

"ஐயா கலந்து குடுத்துவிடுறாரு."

"அவருக்குத் தெரியும். அங்க இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியக்கூடாது."

மறுநாள் வயிற்று வலி என்று அந்தப் பெண்ணைக் கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எட்டாம் மாதம். அசையாமல் படுத்திருக்கவேண்டும் என்றார்களாம். உட்லண்ட்ஸ்காரருக்கு அனுப்பிய பொட்டலம் அந்த வாரம் மூன்று நாள் பிரிக்காமல் இருந்ததாக வேன்காரர் வந்து சொன்னார்.

நான் என் மகளிடம் போய் அந்த இங்கிலீஷ் வரிகளைத் தேடி எடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள்.

"தெளிவாத்தான் போட்டிருக்காங்கப்பா. கேமை வேற கம்பெனிக்கு வித்துட்டாங்க. அதுல இருக்கிறவங்க தகவல் எல்லாம் சேர்ந்தே கைமாறுது. புதுக் கம்பெனி அதை ஆள் சேர்க்கப் பயன்படுத்தும். வேணாம்னா சாம்பல் கலர் பட்டனை அமுக்கி அழிக்கச் சொல்லலாம்."

"நான் பச்சையை அமுக்கிட்டேன்."

"தண்ணி பில்லைக்கூட ரெண்டு பேர்கிட்ட படிக்கச் சொல்றவரு நீங்க. இதை ஏன் காட்டல?"

"விளையாட்டுக்கெல்லாம் உன்னை வந்து கேட்பேனா?"

திங்கட்கிழமை ஆபீஸ் அம்மாவிடமும் படிக்கச் சொன்னேன். அவரும் வரிக்கு வரி அதையேதான் சொன்னார். என் முறை சரியான முறைதான்.

மகள் என் சார்பில் அந்தப் புதுக் கம்பெனிக்கு எழுதினாள். எட்டு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். என் கணக்கை அழித்துவிடுவார்களாம். பட்டியலில் இருக்கும் மற்ற எண்களை அழிக்கவேண்டுமென்றால், அந்தந்த எண்ணுக்கு உரியவர்கள் ஒவ்வொருவரும் தாங்களே எழுதிக் கேட்கவேண்டுமாம், இங்கிலீஷில். சர்க்கரை, சோறு பாதி, மூணாவது மாடி எழுதுவாரா? கடலூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பெண் எழுதுவாரா?

அதற்குப் பிறகு விடுதி விடுதியாகப் போனேன். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, பழைய அடையாளத்தை எடுத்துவிட்டுப் பெயரைப் போட்டேன். "ஐயா, அஞ்சு வருஷமா உங்க சோறு சாப்பிடுறேன், இப்பத்தான் பேர் கேக்குறீங்க," என்றார் ஒருவர். ரசக்காரர்தான் அவர்.

உட்லண்ட்ஸ்காரரிடம் கடைசியாகப் போனேன்.

"பேர் எதுக்குங்க ஐயா," என்றார். "என் நம்பரை எடுத்துடுங்க. வீட்டு நம்பரையும்."

அவர் கண்முன்னால் இரண்டையும் அழித்தேன். அழிந்ததா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். அந்த மாதத்தோடு என் சாப்பாட்டையும் நிறுத்திக்கொண்டார். கரண்டி பழகிவிட்டது என்று வேன்காரரிடம் சொல்லி அனுப்பினார். அந்தச் சின்னப் பாத்திரம் சமையல்கூடத்தில் மேல் தட்டில் இருக்கிறது.

பெண் குழந்தை பிறந்தது. நாள் முந்திப் பிறந்ததால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்களாம். இரண்டு வாரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று அவர் அறையில் இருக்கும் இன்னொருவர் சொன்னார். தாய்க்கும் பிள்ளைக்கும் எப்படியிருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றிருக்கிறது. என்னிடம் இப்போது அந்த எண் இல்லை. எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாத அந்தப் புதுக் கம்பெனிக்காரர்களிடம் இருக்கிறது, நான் என் வாயால் சொல்லிவைத்த அந்த நாலு வார்த்தையோடு.