ஓட்டிச் சென்றவர்

‘ஆட்கள் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.’ அந்த நான்கு பக்கக் கடிதத்தில் இந்த ஒரு வாக்கியம்தான் என்னை நிறுத்தியது.

தொண்ணூறுகளில் நெய்வேலிச் சுரங்கத்துக்கு மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தைப் பொருத்த வந்த ஜெர்மன் பொறியாளருக்கு நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். இயந்திரக் கையேடுகளைத் தவிர வேறெதையும் அவர் என்னிடம் தந்ததில்லை. ஒருநாள் மதியம் அந்தக் கடிதத்தை நீட்டி, “எங்காவது மழுப்பியிருந்தால் சொல்லுங்கள்” என்றார்.

ஹிட்லர் காலத்துக் கொலைகளை விசாரிக்கும் ஜெர்மன் அரசு வழக்கறிஞர்களுக்கு அவர் எழுதியது அது. போரின்போது போலந்தில் ஒரு சிற்றூரின் யூதர்களைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சுட்டுப் புதைத்திருக்கிறார்கள். புதைத்த இடம் யாருக்கும் தெரியவில்லை. பல வருடங்களுக்கு முன் விசாரித்தபோது, தனக்குச் சமையல் கூடத்தில்தான் வேலை என்று சொல்லித் தப்பியிருந்தார், அப்போது அங்கே படையில் இருந்த பொறியாளரின் அப்பா. அம்மா இறந்தபின் அலமாரியில் சில புகைப்படங்கள் அகப்பட்டன. ஒன்றில், ஆட்கள் ஏற்றிய லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

“கொண்டுசென்றது யாரென்று இதில் இல்லையே” என்றேன். கையேடு மொழிபெயர்க்கும் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அவர் முகம் வெளுத்தது. அந்த வரியை அடித்துவிட்டு, ‘என் அப்பா ஓட்டிச் சென்றார்’ என்று எழுதினார். புகைப்படங்களையும் உறையில் வைத்து அன்றே அனுப்பினார்.

எங்கள் ஜீப்பை ஓட்டும், பக்கத்து ஊரான முத்தாண்டிக்குப்பத்துக்காரருக்கு விஷயம் தெரிந்தபோது அவரால் தாங்க முடியவில்லை. “பெத்த அப்பன இப்பிடி எழுதிக் குடுக்கறாரே, மனசு எப்பிடிங்க வந்துச்சி? கெழவன் ஜெயில்ல செத்துட்டா?” என்றார் என்னிடம். எனக்கும் அதே பயம்தான். அந்த வரியை எழுத வைத்தவள் நானல்லவா? அவருடைய அப்பா மறுபடி பொய் சொல்லிவிட்டால் எல்லாம் வீண் என்ற கவலை வேறு. ஐந்து மாதம் பொறியாளரிடம் கையேடுகளைப் பற்றி மட்டுமே பேசினேன்.

ஒரு காலை, ஜீப்பருகே நின்றுகொண்டிருந்த என்னிடமும் ஓட்டுநரிடமும், ஜெர்மனியிலிருந்து வந்த கடிதத்தோடு அவர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் தோள்களின் இறுக்கம் தளர்ந்து, இரவெல்லாம் நன்றாகத் தூங்கியவர் போலிருந்தார். “அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். காட்டின் படத்தைத் தன் கையாலேயே வரைந்து கொடுத்திருக்கிறார். இடம் கிடைத்துவிட்டது.” அந்த ஊரிலிருந்து தப்பிய ஒரு பெண், ஐம்பது வருடமாகத் தன் தாயைத் தேடியவர், அங்கே போய் நின்று பிரார்த்தனை செய்தாராம். “அப்பாவை மன்னிப்பாரா, தெரியாது. அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை” என்றார்.

அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். ஓட்டுநர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“பாவம், அந்தம்மா. பெத்த தாயி எங்க கெடக்குறான்னு தெரியாமலே இத்தினி வருசம் அலைஞ்சிகினு இருந்திருக்கு” என்றார். “சார் பண்ணது சரிதாங்க. அவருகிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். என் நெஞ்சிலிருந்தும் ஏதோ பாரம் இறங்கியது.