வளைவில் மட்டும் கிடைக்கும் லைன்

என் கணவர் எங்கள் வேனுக்குள் ரவுட்டரை வைத்துக்கொண்டு பண்ணுகிற அலட்டலைப் பார்த்தால், செயற்கைக்கோளை இவர்தான் தோளில் தூக்கிக்கொண்டு போய் வானத்தில் மாட்டிவிட்டு வந்தார் என்று நினைத்துவிடுவீர்கள். விஷயம் இவ்வளவுதான். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட வேண்டும். சிம் போட இடமில்லாத அந்தச் சின்ன ரவுட்டர் அதைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற மடிக்கணினிக்குக் கொடுக்கும். சிக்னல் எங்கே கிடைக்கிறதோ அங்கே கைப்பேசி. ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அந்தப் பக்கம் பார்த்து ரவுட்டர். இதைச் சொல்ல அவருக்கு அரை மணி நேரம் ஆகும்.

பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போனபிறகு ஈப்போ வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் வேனிலேயே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தோம். படுக்கை, அடுப்பு, மடக்குமேசை எல்லாம் அதற்குள். நான் அந்த மேசையில் உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குப் பாடம் நடத்துவேன். பாடம் பாதியில் நின்றால் அவரைத்தான் திட்டுவேன். அவர் கைப்பேசியை மேல்ஜன்னலில் ஒட்டுவார், எடுப்பார், மறுபடி ஒட்டுவார். எங்கள் சண்டைகளில் பாதி அந்த ரவுட்டரால் வந்தவை. அதையெல்லாம் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் பாருங்கள்.

அப்பா இறந்த செய்தி வந்தபோது கிழக்குக் கரையில் ஒரு கடற்கரையோரம் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து கேமரன் மலைக்கு நேராக ஓட்டிக்கொண்டு வந்தோம். வழியில் நான் அழவில்லை. வளைவுகளில் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள் என்று அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

நான் பிறந்த அதே தேயிலைத் தோட்டம். தம்பி அங்கே தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அப்பா அவனோடுதான் இருந்தார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லய வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே எந்தக் கைப்பேசிக்கும் சிக்னல் கிடையாது. மேலே ரோடு திரும்புகிற வளைவில் மட்டும் கிடைக்கும். அதனால் அந்தத் தோட்டத்தில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது ரகசியமே இல்லை. வளைவில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தேயிலையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். நல்லவேளையாக, தம்பியின் வீடு அந்த வளைவுக்கு நேர் கீழே. வேனை வளைவிலேயே நிறுத்தினோம்.

நிறுத்தியதுமே என் கைப்பேசி அடித்தது. அயர்லாந்திலிருந்து தங்கச்சி. அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை. தங்குவதற்கான தாள்கள் புதுப்பிக்கப் போயிருந்தன. அவை கைக்கு வராமல் நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. பிள்ளைகள் இரண்டும் அங்கே.

"அக்கா, என்னால வர முடியாதுக்கா. பெட்டிய மூடுற வரைக்கும் எனக்கு அப்பா மொகத்தக் காட்டு. அவருகிட்ட ஒன்னு சொல்லணும். பக்கத்துல வையி, சத்தத்தக் கொறச்சு வையி. அவருக்கு மட்டும் கேட்டாப் போதும்."

"சரிடி," என்றேன். என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் வெளிநாடு போன வருஷம் அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஏதோ நடந்தது. அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் பேசும்போதெல்லாம், வளைவுக்கு ஏறிவர முட்டி வலிக்கிறது என்று அப்பா சொல்லிவிடுவார். தானா ராத்தா டவுனுக்கு மட்டும் அதே முட்டியோடு பஸ் ஏறிப் போய் வருவார்.

மறுநாள் காலையில் என் கணவர் வேலையை ஆரம்பித்தார். அவருடைய சிம்முக்கு அந்த வளைவிலும் லைன் இல்லை, என்னுடையது மட்டும்தான். என் கைப்பேசியை மேல்ஜன்னலில் கட்டினார். ரவுட்டரைப் பின்கண்ணாடியில், கீழே பந்தலைப் பார்த்தமாதிரி வைத்தார். கீழே அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். தங்கச்சியின் முகம் தெளிவாக வந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "வேலை முடிஞ்சதும் வந்து ஒக்காருறேன்க்கா," என்று எழுந்து போனாள்.

அவள் எழுந்து போன சற்று நேரத்தில் நெட்டு செத்துப்போனது. மேலே ஓடினேன். என் கைப்பேசிக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தது. அங்கே இருப்பதே ஒட்டியும் ஒட்டாத லைன். யாராவது கூப்பிட்டால் நெட்டு விட்டுப்போகும். பேசி வைத்தால்தான் திரும்பும். சரி, யார்தான் இப்போது கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். தம்பி மகன் வாட்ஸ்அப்பில் இரங்கல் அறிவிப்பு போட்டிருந்தான். அப்பாவின் படம், மெழுகுவர்த்தி, சிலுவை, கீழே தொடர்புக்கு என்று ஒரே ஒரு எண். என்னுடைய எண். வேறு யாருடையதைத்தான் போடுவான், பள்ளத்தில் இருக்கிற எவருடைய போனும்தான் அடிக்காதே! கிள்ளான், ஜோகூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிற பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கூப்பிட்டார்கள்.

"அழைப்பு எதுவும் உள்ள வராம அடைச்சு வைக்கலாம், ஒரு பட்டன்தான்," என்றார் என் கணவர்.

தம்பி என்னை முறைத்தான். "என்னாக்கா பேச்சு இது? சாவு கேட்டுக் கூப்புடுறவங்களுக்கு நம்ம போனு வேலை செய்யலன்னு சொல்லச் சொல்றியா? நாளைக்கு எவன் நம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பான்?"

அவன் சொன்னதும் நியாயம்தான். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்தான் வருவார்கள். சாவுக்குக் கூப்பிடாமலே வருவார்கள், வர முடியாதவர்கள் போன் பண்ணுவார்கள். அதை எடுக்காமல் விடுவது, வாசலுக்கு வந்தவரைத் துரத்துவதற்குச் சமம். கடைசியில் சித்தப்பாதான் வழி சொன்னார். அப்பாவின் தம்பி; பக்கத்து ஊரான லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவர்; முட்டி தேய்ந்து, பள்ளத்துக்கு இறங்கி ஏற முடியாதவர்.

"நான் வேன் படியிலயே ஒக்காந்துக்குறேன்மா. வர்ற போன எடுத்து நாலு வார்த்தை பேசுறேன். ஜெபம் ஆரம்பிச்சதும் நீ கைய காட்டு, அப்புறம் வர்றத கட் பண்ணிடுறேன். எல்லாம் முடிஞ்சப்புறம் நானே ஒவ்வொருத்தரா கூப்புட்டுப் பேசிக்கிறேன்."

எல்லாருக்கும் திருப்தி. எனக்கும்தான். சித்தப்பாவுக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் மேலே கொடுத்தனுப்பினேன்.

மதியம் மலை உச்சியில் மேகம் இறங்க ஆரம்பித்தது. கல்லறைக்குப் போகிற செம்மண் பாதை மழை பெய்தால் லோரிக்கு ஆகாது. "சீக்கிரம்லா, சீக்கிரம்," என்று ஆண்கள் பரபரத்தார்கள். போதகர் வந்துவிட்டார். நான் மேலே பார்த்துக் கையைக் காட்டினேன்; சித்தப்பா தலையாட்டினார். தங்கச்சி திரையில் வந்தாள். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. ஞானப்பாட்டு பாடினோம், அவள் உதடும் எங்களோடு அசைந்தது. போதகர் ஜெபித்து முடித்து, "கடைசியா மொகம் பாக்குறவங்க பாத்துக்கலாம்," என்றார். ஒவ்வொருவராக வந்து அப்பாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எல்லாரும் முடித்தபிறகு, ஒரு நிமிஷம் என்று கேட்டுக்கொண்டு, மடிக்கணினியைத் தூக்கி அப்பாவின் காதோரம் வைத்தேன். சத்தத்தைக் குறைத்தேன். கூட்டம் கொஞ்சம் விலகி நின்றது.

"அப்பா," என்றாள். "அப்பா, அன்னைக்கு நான்..."

அப்படியே நின்றுவிட்டது. அவள் வாய் பாதி திறந்தபடி, கண்கள் பாதி மூடியபடி. அழுகிறாள், அதனால்தான் பேச்சு வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அவளுக்குப் பின்னால் சுவரிலிருந்த கடிகாரத்தின் முள்ளும் ஓடவில்லை.

"இருங்க, மூடாதீங்க!" என்று தம்பியிடம் கத்திவிட்டு, மேலே ஓடினேன். சேலை தடுக்கித் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சித்தப்பா வேன் படியில் உட்கார்ந்திருந்தார், என் கைப்பேசி அவர் காதில்.

"வைங்க சித்தப்பா! என்னா காரியம் பண்ணுறீங்க, வைங்க அத!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் கண்ணீர். "அக்கா கூப்புடுதும்மா," என்றார். "என் அக்கா. மூடிட்டாங்களாடான்னு கேக்குது. எப்புடிமா கட் பண்ணுவேன்?"

கிள்ளானில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற அத்தை. அப்பாவுக்கும் மூத்தவள். அவள் அழுவது எனக்கே கேட்டது. நான் கையை நீட்டியபடி நின்றேன். பிடுங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கீழே தகரக் கூரையில் சடசடவென்று சத்தம். சித்தப்பா, "அக்கா, வைக்கிறேன்க்கா, அப்புறம்," என்று தேம்பிக்கொண்டே வைத்தார்.

நான் கீழே இறங்கி வந்தபோது பெட்டியை மூடி, திருகாணியும் முடுக்கியிருந்தார்கள். நான் கத்தியதைத் தம்பி சொல்லிப் பார்த்தானாம், மழை பிடித்ததும் யாரும் காத்திருக்கவில்லையாம். தம்பி மடிக்கணினியை நனையாமல் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றான்.

"தொறங்கடா," என்றேன். "அவ இன்னும் சொல்லல. தொறங்க."

"மூடுனத தொறக்கக்கூடாதுக்கா," என்றான். அவனும் அழுதான். போதகரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள்.

அப்போதுதான் அவன் கோட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா? அக்கா?"

வாங்கித் திறந்தேன். தங்கச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பேசி முடிக்கிறதுக்கும் படம் போறதுக்கும் சரியா இருந்துச்சுக்கா. அதுவரைக்கும் அப்பாதான் முன்னால இருந்தாரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒன்னு விடாம சொல்லிட்டேன்."

எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் அவள் முகம் நின்றுபோனது மாதிரி, அவள் பக்கம் அப்பாவின் முகம் நின்றிருக்கிறது. நின்றுபோன படம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பாதான் எப்படியும் அசையப்போவதில்லையே. நாங்கள் எல்லாரும் அவளுக்காக மௌனமாக நிற்கிறோம் என்று நினைத்திருக்கிறாள்.

"அப்பாவுக்குக் கேட்டிருக்கும்லக்கா?"

மழைத்தண்ணீர் திரையில் வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். "கேட்டிருக்கும்டி," என்றேன். "காதுகிட்டதான வச்சிருந்தேன்."

சித்தப்பாவிடம் நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கணவர் மட்டும் அன்றைக்கு ரவுட்டரைக் கழற்றும்போது, "நான் வேற வழி யோசிச்சிருக்கணும்," என்றார். எப்போதும்போல் திட்டுவேன் என்று காத்திருந்தார். எனக்குத் திட்ட வரவில்லை.

அதற்குப் பிறகு தங்கச்சி ஆளே மாறிவிட்டாள். அடிக்கடி கூப்பிடுகிறாள், சிரிக்கிறாள், அப்பாவைப் பற்றிப் பேசுகிறாள். மாமாவோட ரவுட்டருக்குக் கோயில் கட்டணும் என்று அவரைக் கிண்டல் பண்ணுகிறாள். அவர் சிரித்துவிட்டு வேனைவிட்டு இறங்கிப் போய்விடுவார். நேற்று திடீரென்று, "அக்கா, அன்னைக்கு நான் அப்பாகிட்ட பேசுனது ஒனக்கும் கேட்டுச்சா?" என்றாள்.

"இல்லடி. எனக்கு ஒன்னும் கேக்கல."

"நல்லவேளை," என்றாள். "இன்னொரு தடவ அத என்னால சொல்ல முடியாதுக்கா."