இன்னும் ரெண்டரைச் சுற்று

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இலங்கையின் பதுளையில் நடந்தது இது. நாங்கள் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டு வேலைக்குக் குவைத் போன என் மகளிடமிருந்து நாலு மாதமாக ஒரு போன்கூட இல்லை. அனுப்பிவைத்த பதுளை ஏஜென்சியில் போய்க் கேட்டால், "பொறுங்கம்மா, பிள்ள பேசும்" என்பதோடு சரி. அன்றைக்கும் அதையேதான் சொன்னார்கள்.

பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. கால் தானாக அந்தப் பழைய மாதா கோயில் பக்கம் போனது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. பக்கத்திலேயே கன்னியர் மடம். பஸ்ஸில் போகும்போது கும்பிட்டுக்கொள்வேனே தவிர, உள்ளே போனதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் மாதா முன்னால் நின்றேன். கையில் பிள்ளையோடு நிற்கிற தாயிடம் என் பிள்ளையைக் காணோம் என்று எப்படிச் சொல்வது? அழுகைதான் வந்தது.

கும்பிட்டால் மூன்று சுற்று சுற்ற வேண்டும், எங்களுக்கு அதுதான் பழக்கம். வெளியே வந்து கோயிலைச் சுற்ற ஆரம்பித்தேன். பின்பக்கம் ஒரு சின்னக் கேட் சாத்தியிருந்தது. பாதிச் சுற்றில் திரும்பக் கூடாதே என்று தள்ளிக்கொண்டு போய்விட்டேன். பார்த்தால், அது மடத்து முற்றம். கொடியில் வெள்ளை உடுப்புகள் காற்றுக்குப் படபடத்தன. காயப்போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"யாரும்மா? இங்க வெளியாளுங்க வரக்கூடாதே!"

"சாமிய சுத்துறேங்க சிஸ்டர்..."

சிரித்துவிட்டார். "எங்கம்மாவும் இப்படித்தான். பூசை முடிஞ்சா மூணு சுத்து சுத்தாம வீட்டுக்கு வராது. ஃபாதர் ஏசுவாரு, அது காதுலயே போட்டுக்காது." அவரும் கொஸ்லந்த பக்கம் தோட்டத்துப் பிள்ளைதானாம்.

மகளைப் பற்றிச் சொன்னேன். கையிலிருந்த உடுப்பை வாளியில் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கேட்டைத் திறந்தார். "வாங்க, இன்னும் ரெண்டரைச் சுத்து இருக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். கடைசிச் சுற்றில் அவராகவே சொன்னார். அவருடைய அம்மா இறந்தபோது அவர் வெளிநாட்டு மடமொன்றில் இருந்தாராம். முகம் பார்க்கக் கிடைக்கவில்லையாம். சுற்று முடிந்ததும் என் முன்னால் தலையைக் குனிந்தார்.

"ஒருக்கா கைய வைங்கம்மா."

"ஐயோ சிஸ்டர், கையெல்லாம் கொழுந்துக் கறைங்க."

"எங்கம்மா கையும் அப்படித்தான் இருந்துச்சு."

வைத்தேன். அந்த வெள்ளை முக்காட்டின் மேல் என் விரல்கள் இன்னும் கறுப்பாய்த் தெரிந்தன. எடுக்க மனம் வரவில்லை. அவரும் நிமிரவில்லை.

ஒரு மாதம் கழித்து மகள் பேசினாள். வேலை பார்த்த வீட்டில் போனைப் பிடுங்கி வைத்திருந்தார்களாம். இப்போது வேறு வீடு. பேசுகிறாள்; இன்னும் ஊருக்கு வரவில்லை. அடுத்த ஆடியில் நன்றி சொல்ல மடத்துக்குப் போனேன். கொஸ்லந்த சிஸ்டரா, அவர் மாற்றலாகிப் போய்விட்டாரே என்றார்கள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மகளுக்காக மூன்று சுற்று முடித்த பிறகு, அம்மா இல்லாத அந்தப் பிள்ளைக்காகவும் ஒரு சுற்று சுற்றாமல் இன்றுவரை என்னால் வீடு திரும்ப முடிவதில்லை.