கீது, கீறாங்க

புயல் கரை கடந்த மறுநாள், பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து என் மாமியார் என் மனைவிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "தண்ணி வடியல கண்ணு. முகத்துவாரம் அடச்சிக்கினு கீது. ஊட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணி."

ஏரி கடலில் சேரும் வாயை மணல் மூடிக்கொள்வது எப்போதும் நடப்பதுதான். என் மனைவி அதை அப்படியே ஊர் குரூப்பில் போட்டாள். கேட்க நேரமில்லாதவர்களுக்காக ஒரு புண்ணியவான் அதை எழுத்தாக்கினார்: 'முகத்துவாரம் அடச்சிக்கினு கீறாங்க.'

அவ்வளவுதான். இருக்கிறது என்பது இருக்கிறார்கள் ஆகிவிட்டது. அஃறிணை உயர்திணை என்று வாத்தியார் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தண்ணீரோடு போயிற்று. மணல் ஆளாகிவிட்டால் அந்த ஆள் யார் என்று தெரிய வேண்டாமா? மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. நிலத்தை வளைக்க ஏதோ ஒரு கம்பெனி குப்பங்களை மூழ்கடிக்கிறதாம். புயலே செயற்கையாம். சாயங்காலம் போட்டோவும் வந்தது. முகத்துவாரத்தில் ஒரு ஜேசிபி, அதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன்.

அது என் மச்சானின் முதுகு. மாமியாருக்கு ஒரே மகன். கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டில் தங்கி ஜேசிபி ஓட்டுகிறான். மணலை அள்ளி வழி திறக்கத்தான் போயிருந்தான், அம்மாவிடம் சொல்லாமலே. போட்டோவைப் பார்த்துச் சிரித்தான்.

காலையில் குரூப்பில் மாமியாரின் குரல் வந்தது. "அடச்சவன் எவனா இருந்தாலும் அந்தக் கை அழுவிப்பூடணும்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

அவன் நாஷ்டாவைத் தொடவில்லை.

"அது நீன்னு அம்மாவுக்குத் தெரியாதுடா," என்றாள் என் மனைவி.

"தெரியாம சொன்னாலும் அம்மா வாயில வந்துடுச்சில்லக்கா. நான் குப்பத்துக்குப் போவல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அவன் என் மச்சான், திறக்கப் போனவன்' என்று குரூப்பில் எழுதினேன். யாரும் அதை ஃபார்வர்ட் செய்யவில்லை. 'நீயும் கம்பெனி ஆளா?' என்று ஒருவர் மட்டும் கேட்டார். எழுதிப் பயனில்லை என்று அவனைப் பைக்கில் உட்காரவைத்துக் குப்பத்துக்குக் கிளம்பினேன்.

தண்ணீர் வடிந்திருந்தது. மாமியார் வீட்டுச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். போட்டோவில் இருப்பது யார் என்று சொன்னேன். துடைப்பம் கீழே விழுந்தது. வாசலிலேயே நின்றவனிடம் போய், லிவர் பிடித்துக் காய்த்துப்போன அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கையயாடா சொன்னேன்?"

அவன் அழுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ள, போனு இடுப்புல கீது. எடுத்து நீங்களே அமுக்கிப் புடிங்க," என்றார். அவன் கைகளை விட அவருக்கு மனமில்லை. நான் ஊர் குரூப்பைத் திறந்து போனை அவர் வாயருகே பிடித்தேன். குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"முகத்துவாரம் தானா அடச்சிக்கிச்சு. தொறந்தது எம் புள்ள."